வீட்டுச் சமையலில் கலோரி கணக்கிடுவது எப்படி?

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்த அன்று, மருத்துவமனையில் உணவுப் பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் சாப்பிட வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. அதன் கீழே ‘இட்லி 1, சாதம் 1 கப், சாம்பார் 1 கப், சட்னி சிறிதளவு’ என வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் வீட்டில் ‘கப்’ என்று சொல்லத்தக்க பாத்திரங்கள் நான்கு இருந்தன. சிறிய கிண்ணத்தில் 140 கிராம் சாதம் பிடித்தது. பெரிய கிண்ணத்தில் சற்று அழுத்தி வைத்தால் 230 கிராம் பிடித்தது. இரண்டுக்கும் இடையே நூறு கலோரிக்கு மேல் வேறுபாடு இருக்க, பட்டியலில் இருந்ததோ ஒரே ஓர் எண். எங்கள் இட்லித் தட்டின் குழி எவ்வளவு பெரியது என்பதும், சாம்பாரில் எவ்வளவு பருப்பு போடுகிறோம் என்பதும் அந்தத் தாளுக்குத் தெரியாது.

ஊரார் பட்டியலை வைத்துக்கொண்டு நம் வீட்டுச் சாப்பாட்டை அளக்க முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். நம் சமையல் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தில் மொத்தமாகச் செய்து, பலருக்குப் பகிர்ந்து பரிமாறுவது. ஆகவே கணக்கும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்: உள்ளே போகும் பச்சைப் பொருள்களை எடை போட்டு, அவற்றின் கலோரியைக் கூட்டி, சமைத்து முடித்தபின் கிடைக்கும் எடையால் வகுத்தால், ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்பது தெரிந்துவிடும். ஒரு குழம்புக்கு இதை ஒருமுறை செய்து எழுதி வைத்தால், அதே கைப்பக்குவத்தில் சமைக்கும் வரை அந்த எண் நமக்குத் துணை நிற்கும். இந்த வேலையை முதன்முதலாகச் செய்யப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கலோரி என்ற சொல்

நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் அது. இந்தக் கட்டுரையிலும் வழக்கத்தை ஒட்டிக் கலோரி என்றே எழுதுகிறேன். சில அட்டவணைகளிலும், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்கும் பாக்கெட்டுகளிலும் ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருப்பார்கள், அதை 4.184 ஆல் வகுத்தால் கலோரி கிடைக்கும். மனக்கணக்காகப் போடுபவர்கள் நான்கால் வகுத்து, வந்ததில் சற்றே குறைத்துக்கொள்ளலாம்.

உணவில் ஆற்றல் தருபவை முதன்மையாக மூன்று. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரியும், புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரியும் தருகின்றன. மதுவில் உள்ள ஆல்கஹாலுக்கு 7 என்று கணக்கு. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சராசரி எண்கள் இவை. இன்றும் உலகெங்கும் பாக்கெட்டுகளில் அச்சாகும் கலோரி அளவுகள் பெரும்பாலும் இவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. நார்ச்சத்து மிகக் குறைவாகவே ஆற்றல் தரும். தண்ணீர், உப்பு இரண்டுக்கும் கலோரி கிடையாது. இந்தக் கடைசிச் செய்தி சாதாரணமாகத் தோன்றினாலும், தண்ணீர் எடையைக் கூட்டுமே தவிர கலோரியைக் கூட்டாது என்பதுதான் பின்னால் வரும் கணக்குகள் அனைத்துக்கும் அச்சாணி.

வாங்க வேண்டியவை

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சிறிய மின்னணுச் சமையலறைத் தராசு ஒன்று போதும். ஐந்து கிலோ வரை தாங்குவதாக இருந்தால் நிறைந்த குக்கரையும் அதன்மேல் வைக்கலாம். பாத்திரத்தை வைத்தபின் எடையைப் பூச்சியமாக்கும் பொத்தான் அதில் இருக்க வேண்டும். பாத்திரத்தை எடுக்காமலே ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து அளக்க அதுதான் உதவும். இத்துடன் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். கைப்பேசிச் செயலிகளை முதல் மாதத்தில் தள்ளி வைப்பது நல்லது என்பது என் கருத்து. அவற்றில் ‘சாம்பார், ஒரு கிண்ணம்’ என்று தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத பத்து எண்கள் வந்து நிற்கும். எது நம் வீட்டுச் சாம்பார் என்பதை அறிய வழியில்லை.

ஆழாக்கு, உழக்கு, படி என்று அளந்து பழகிய வீடுகளில் அதை விட வேண்டியதில்லை. ஆனால் ஆழாக்குக்கு ஆழாக்கு அளவு மாறுபடும். தலைதட்டி அளப்பவரும் உண்டு, குவித்து அளப்பவரும் உண்டு. உங்கள் வீட்டு ஆழாக்கில் உங்கள் கை அளக்கும் அரிசி எத்தனை கிராம் என்பதை மூன்று முறை எடை போட்டு, சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் தினமும் அரிசியை எடை போடத் தேவையில்லை.

அடுத்து, வெறும் பாத்திரங்களின் எடை. குக்கர், குழம்புச் சட்டி, வாணலி, இட்லிமாவு வைக்கும் தூக்கு ஆகியவற்றைக் கழுவித் துடைத்து, மூடியில்லாமல் எடை போட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் தாத்தாவின் பெயரும் வாங்கிய ஆண்டும் வெட்டியிருக்கும். எந்தப் பாத்திரம் எது என்று அடையாளம் காண அந்த எழுத்துகளே போதுமாக இருந்தன. எடைப் பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். சூடான குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், சட்டியோடு தராசில் வைத்து, சட்டியின் எடையைக் கழித்துவிடலாம். தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டுச் சட்டியை வைத்தால் சூடு தராசைக் கெடுக்காது.

அடிப்படை எண்கள்

பச்சைப் பொருள்களின் கலோரிக்கு நம்பத்தக்க இடம், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணை. 528 உணவுப் பொருள்களின் சத்து அளவுகள் அதில் உள்ளன. அந்த நிறுவனத்தின் வேர் நம் நீலகிரியில்தான் இருக்கிறது: 1918இல் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய பணியே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தீட்டிய பச்சரிசிக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 1,490 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால் 356 கலோரி.

தொடங்குகிறவர் எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டியதில்லை. நம் அடுப்படியில் புழங்கும் பத்துப் பொருள்கள் கணக்கின் பெரும்பகுதியை முடித்துவிடும். 100 கிராமுக்குச் சொன்னால், அரிசிக்கு 350, துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு போன்றவற்றுக்கு 335 முதல் 345 வரை, பொட்டுக்கடலைக்கு 370, சர்க்கரைக்கு 400, வெல்லத்துக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, துருவிய தேங்காய்க்குச் சுமார் 400, வேர்க்கடலைக்கு 550ஐ ஒட்டி, எந்த எண்ணெயாக இருந்தாலும் நெய்யாக இருந்தாலும் 900. கத்தரிக்காய், வெண்டைக்காய், பீன்ஸ், புடலங்காய், கீரை போன்றவை 100 கிராமுக்கு 20 முதல் 35 வரைதான் தருகின்றன. உருளை, சேனை, மரவள்ளி போன்ற கிழங்குகள் மட்டும் காய்கறி வரிசையில் கூடுதல் ஆற்றல் உள்ளவை.

இந்த வரிசையில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, சாமை, கோதுமை எல்லாமே 100 கிராமுக்கு 320க்கும் 360க்கும் இடையில்தான் நிற்கின்றன. அரிசிக்குப் பதில் அதே எடையுள்ள கேழ்வரகு மாவில் களி கிண்டினால் கலோரி குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; குறையாது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் அதிகம் என்பது உண்மை, அவற்றுக்காக அதைச் சாப்பிடலாம். கலோரிக் கணக்கில் அது அரிசிக்குப் பங்காளிதான்.

பானைக் கணக்கு

முதலில் சாதம். 300 கிராம் அரிசியைக் குக்கரில் வைத்தால் 1,050 கலோரி உள்ளே போகிறது. வெந்தபின் சாதத்தின் எடை, நாம் ஊற்றிய தண்ணீரைப் பொறுத்து 800 முதல் 900 கிராம் வரை இருக்கும். எங்கள் வீட்டில் 870 கிராம் வந்தது. 1,050ஐ 870ஆல் வகுத்தால் ஒரு கிராம் சாதத்துக்கு 1.2 கலோரி. இனி அம்மாவின் தட்டில் விழும் சாதத்தை எடை போட்டு 1.2 ஆல் பெருக்கினால் போதும்: 150 கிராம் சாதம் 180 கலோரி.

கஞ்சி வடிக்கும் வீடுகளில் அரிசியின் மாவுச்சத்தில் சிறு பகுதி கஞ்சியோடு போய்விடும். கஞ்சியைக் கீழே ஊற்றினால் உண்மைக் கணக்கு மேலே வந்த எண்ணைவிடச் சற்றுக் குறையும். அதே கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தால் குறைந்தது திரும்பி வந்துவிடும். பழைய சோற்றுக்கு நீரோடு எடை போடக் கூடாது. இரவில் தண்ணீர் ஊற்றும் முன் சோற்றின் எடையைக் குறித்துவிட்டால் காலையில் குழப்பம் இல்லை.

சாம்பாருக்கு வருவோம். துவரம்பருப்பு 100 கிராம், 335 கலோரி. முருங்கை, கத்தரி எல்லாம் சேர்த்து 250 கிராம் காய், 60. சின்ன வெங்காயம் 50 கிராம், 28. புளி 20 கிராம், கரைத்து வடித்தபின் 40 என்று வைக்கலாம். சாம்பார்ப் பொடி 15 கிராம், 45. தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெய் 20 கிராம், 180. கூட்டினால் 688. கொதித்து இறக்கியபின் சட்டியின் எடையைக் கழித்துப் பார்த்தால் 1,500 கிராம் சாம்பார். ஒரு கிராமுக்கு 0.46. நூறு கிராம் பிடிக்கும் கரண்டியால் ஒரு கரண்டி ஊற்றினால் 46 கலோரி. விருந்தாளி வந்துவிட்டார் என்று கடைசியில் ஒரு சொம்பு வெந்நீரைச் சேர்த்து விளாவினால், மொத்தக் கலோரி மாறாது. ஒரு கரண்டிக்கு உரியது குறைந்துவிடும். எடையைக் கடைசியில், பரிமாறும் முன் எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

காயை நறுக்கியபின் எடை போட வேண்டும், காம்பும் தோலும் போனபிறகு. வாழைப்பழத்துக்கும் அப்படியே. கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்றால் எலும்பையும் முள்ளையும் என்ன செய்வது என்று கேட்பார்கள். சாப்பிட்டு முடித்தபின் இலையில் கிடக்கும் எலும்பை எடை போட்டு, பரிமாறிய எடையிலிருந்து கழிப்பதே எளிது. முருங்கைக்காய்ச் சக்கைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அதில் உள்ள கலோரி அவ்வளவு சொற்பம்.

இட்லியும் தோசையும்

மாவு நமக்குப் பெரிய வசதி, ஏனென்றால் ஒருமுறை கணக்குப் போட்டால் ஒரு வாரம் ஓடும். 400 கிராம் இட்லி அரிசிக்கு 1,400 கலோரி, 100 கிராம் உளுந்துக்கு 340, ஆக 1,740. ஊறவைத்து அரைத்து, உப்புச் சேர்த்துக் கரைத்தபின் தூக்கோடு எடை போட்டு, தூக்கின் எடையைக் கழித்தால், எங்கள் மாவு 1,350 கிராம். ஒரு கிராம் மாவுக்கு 1.29 கலோரி. புளிக்கும்போது நுண்ணுயிர்கள் சிறிது மாவுச்சத்தை உண்ணும். அந்த இழப்பு சிறியது, விட்டுவிடலாம்.

இட்லித் தட்டைத் தராசில் வைத்து ஒரு குழியில் மாவு ஊற்றிப் பார்த்தோம்: 50 கிராம். ஆகவே எங்கள் இட்லி ஒன்றுக்கு 64 கலோரி. வெந்த இட்லியின் எடை சற்றே மாறினாலும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் மாவின் எடையைக் கொண்டுதான் கணக்கு. தோசைக்கு 80 கிராம் மாவு; 103 கலோரி. சுற்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் இன்னும் 40. இட்லி, தோசை இரண்டும் ஒரே மாவுதானே என்று இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் சாப்பிடுபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

சட்னிதான் எங்களுக்கு அதிர்ச்சி தந்தது. ஒரு மூடித் தேங்காயைத் துருவியதில் 110 கிராம், 440 கலோரி. பொட்டுக்கடலை 20 கிராம், 74. தாளித்த எண்ணெய் 5 கிராம், 45. சேர்த்து 559, அரைத்துக் கரைத்தபின் சட்னி 280 கிராம். ஒரு கிராமுக்கு 2 கலோரி. சின்னக் கரண்டியால் ஒருமுறை ஊற்றினால் 40 கிராம், அதாவது 80 கலோரி. ஓர் இட்லியைவிட அதிகம்! மருத்துவமனைத் தாளில் ‘சட்னி சிறிதளவு’ என்று இருந்த இடத்தில், மூன்று இட்லிக்கு இரண்டு முறை சட்னி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, தனக்குத் தெரியாமலே இன்னும் இரண்டரை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எண்ணெய்

எல்லாக் கணக்கும் தவறும் இடம் இதுதான், ஆகவே இங்கே நிதானமாக நிற்க வேண்டும். எண்ணெயின் ஒவ்வொரு கிராமும் 9 கலோரி. ஐந்து மில்லி பிடிக்கும் தேக்கரண்டியில் சுமார் நாலரை கிராம் எண்ணெய் இருக்கும், 40 கலோரி. பதினைந்து மில்லி மேசைக்கரண்டியில் 120 கலோரிக்கு மேல். எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் மில்லியும் கிராமும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அம்மா எண்ணெய்த் தூக்கில் ஒரு குழிக்கரண்டியைப் போட்டு வைத்திருப்பார். “ரெண்டு கரண்டிதான்டா ஊத்துறேன், அதுக்கு என்ன தராசு?” என்று கேட்டார். வாணலியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, வழக்கம்போல ஊற்றச் சொன்னேன். முதல் கரண்டிக்கு 13 காட்டியது. இரண்டாவது கரண்டியோடு 27. பிறகு கரண்டியின் அடியில் வழிந்ததைத் தட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் இன்னும் கால் கரண்டி ஊற்றினார். 31 என்று நின்றது. 279 கலோரி. கால் கிலோ பீன்ஸில் இருக்கும் கலோரி ஏறத்தாழ 70தான் என்று நான் சொன்னபோது, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தராசை மறுபடியும் பார்த்தார். அன்றிலிருந்து பொரியலுக்கு 15 கிராம் என்று அவரே முடிவு செய்தார். அப்படியும் பாருங்கள்: பீன்ஸ் 70, எண்ணெய் 135, மேலே தூவும் 30 கிராம் தேங்காய் 120, மொத்தம் 325இல் காயின் பங்கு நான்கில் ஒன்றுக்கும் குறைவு. பொரியலைக் காயாக மட்டும் எண்ணிக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்கள் விடுவது இந்த எண்ணெயையும் தேங்காயையும்தான்.

பொரித்த பண்டங்களுக்கு வேறு வழி வேண்டும். வாணலியில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்கத் தொடங்கும் முன், எண்ணெயோடு வாணலியை எடை போடுங்கள். பொரித்து முடித்து, எண்ணெய் நன்றாக ஆறியபின் மறுபடியும் எடை போடுங்கள். குறைந்திருப்பது பண்டத்துக்குள் போன எண்ணெய். சிறிது தெறித்தும், வடிதாளில் ஒட்டியும் போயிருக்கும் என்பதால் இந்த எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கூடுதலாக இருப்பதில் தீங்கு இல்லை. 200 கிராம் உளுந்தில் நாங்கள் சுட்ட பதினைந்து மெதுவடைகளுக்கு 60 கிராம் எண்ணெய் குறைந்தது. உளுந்து 680, எண்ணெய் 540. ஒரு வடைக்கு 81 கலோரி. சூடான எண்ணெயோடு வாணலியைத் தூக்கித் தராசில் வைக்கும் விபரீதத்தை யாரும் செய்ய வேண்டாம். ஆறும் வரை காத்திருங்கள்.

தினமும் அளக்க நேரமில்லை என்பவர்களுக்கு மாதக் கணக்கு ஒன்று உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவானால், அது 2,730 கிராம். முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 23 கிராம், அதாவது 205 கலோரி. மளிகைச் சிட்டை பொய் சொல்லாது. அன்றாடக் கணக்கில் உங்களுக்கு எண்ணெய் 80 கலோரிதான் வருகிறது என்றால், எங்கேயோ ஊற்றியதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நெய் தனிக் கணக்கு. அதையும் இப்படியே பார்க்கலாம்.

பாலும் காபியும்

பால் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பது அச்சாகியிருக்கும். சமன்படுத்திய பாலில் 3, நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. நூறு மில்லிக்கு முறையே சுமார் 58, 72, 87 கலோரி. கொழுப்பை 9ஆல் பெருக்கி, பாலின் புரதத்துக்கும் பால்சர்க்கரைக்கும் சேர்த்து 31 அல்லது 33 கூட்டினால் யாரும் இந்த எண்களை வரவழைத்துவிடலாம்.

டிகாக்‌ஷனுக்குக் கலோரி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நிலைப்படுத்திய பால் 100 மில்லியும், தலைதட்டிய தேக்கரண்டியால் இரண்டு சர்க்கரையும் போட்டால் 72உம் 32உம் சேர்ந்து 104. குவித்து அள்ளினால் சர்க்கரை மட்டுமே 48க்குப் போகும். நாளுக்கு நான்கு முறை காபி குடிப்பவர் ஒரு வேளை உணவுக்கு நிகரானதைக் குடித்தே முடித்துவிடுகிறார். நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இதில் பெரிய சலுகை கிடையாது.

பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது

இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவுகளில் ஊட்டச்சத்துப் பட்டியல் கட்டாயம். அதில் முதலில் பார்க்க வேண்டியது, எண் எதற்கானது என்பது: 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா? ஒரு பரிமாறல் என்று நிறுவனம் முடிவு செய்வது, பெரும்பாலும் நாம் சாப்பிடும் அளவைவிடச் சிறியது. ஆகவே 100 கிராம் எண்ணையே எடுத்துக்கொண்டு, சாப்பிட்டதை எடை போட்டுப் பெருக்குங்கள். எண்ணில் ஐயம் வந்தால் 4, 4, 9 கொண்டு சரிபார்க்கலாம். 100 கிராம் பிஸ்கட்டில் புரதம் 7 கிராம், மாவுச்சத்து 75 கிராம், கொழுப்பு 15 கிராம் என்றிருந்தால், 28உம் 300உம் 135உம் சேர்ந்து 463. அச்சிட்ட எண் இதற்கு அருகில் இருக்க வேண்டும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பெரிய எழுத்தைவிட இந்தச் சின்ன எழுத்துப் பட்டியலையே நம்புங்கள்.

வெளியே சாப்பிடும்போது

கடைச் சாப்பாட்டுக்கு மதிப்பீடுதான். அதையும் பொருள்களாகப் பிரித்தே செய்ய வேண்டும். ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதா என்று வைத்தால் 210 கலோரி. பிசையும்போதும் வீசும்போதும் கல்லில் போடும்போதும் விட்ட எண்ணெய் 10 முதல் 12 கிராம் என்றால் இன்னும் நூறு. ஆக ஒன்று 300ஐத் தாண்டும். சால்னா தனி. வெண்பொங்கலில் விரலில் ஒட்டும் நெய்யையும், இலையில் தேங்கி நிற்கும் எண்ணெயையும் கண்ணால் பார்த்தே கூட்ட வேண்டியிருக்கும். ஓட்டல் உணவுக்கு வீட்டுக் கணக்கைப் போட்டு, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டி எழுதுவது என் வழக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் கணக்குப் போடுவதில்லை. பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டு சாப்பிட வேண்டிய இடம் அது. அன்றைய பக்கத்தில் ‘கல்யாணம்’ என்று எழுதிவிட்டு மறுநாள் தொடர்கிறேன்.

ஒரு நாளைக் கூட்டுவது

இத்தனைக்குப் பிறகு நாள் கணக்கு எளிது. அம்மாவின் காலை உணவு: இட்லி மூன்று, 192, சட்னி ஒரு கரண்டி, 80, சாம்பார் ஒரு கரண்டி, 46, சர்க்கரை இல்லாத காபி, 72. மொத்தம் 390. இப்படி மூன்று வேளையையும், இடையில் கொறித்ததையும் எழுதிக் கூட்ட வேண்டும். சாப்பிட்ட உடனே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தினால், மாலையில் அள்ளிய ஒரு கைப்பிடி வேர்க்கடலை கட்டாயம் விட்டுப்போகும். 30 கிராம் இருந்தாலும் அது 165 கலோரி.

ஒருவருக்கு எவ்வளவு தேவை என்பதற்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகள் உள்ளன. அதிக உடலுழைப்பு இல்லாத 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், அதே நிலையில் உள்ள 55 கிலோ பெண்ணுக்கு 1,660 கலோரியும் என்பது அவர்கள் கணக்கு. இவை சராசரிகள். வயது, எடை, வேலை ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் மாறும். வளரும் குழந்தைகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரின் உணவை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குறைக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் உணவளவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்து அப்படியே இருக்க உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். அம்மாவுக்கும் இரண்டாவது வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், அதைப் பார்த்து அவர் மாத்திரையை மாற்றி எழுதிய பிறகே தொடர்ந்தோம்.

கணக்கில் பிழை இருக்கும். அரிசிக்கு அரிசி சத்து மாறும், தேங்காய் முற்றலாகவும் இளசாகவும் இருக்கும், அட்வாட்டர் எண்களே சராசரிகள்தாம். நூற்றுக்கு ஐந்தோ பத்தோ தவறினால் பரவாயில்லை. ஆகையால் ஒற்றைக் கலோரிக்காகக் கறிவேப்பிலையை எடை போட வேண்டாம். எண்ணெய், தேங்காய், சர்க்கரை, அரிசி, பருப்பு, கடலை ஆகிய ஆறையும் தவறாமல் எடை போடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் உடல் எடையைப் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். நான்கு வாரம் கழித்து, எடை ஏறுமுகமாக இருக்க நோட்டு குறைவாகச் சாப்பிட்டதாகச் சொன்னால், எண்ணெய்க் கரண்டியையும் சட்னிக் கரண்டியையும் மறுபடியும் எடை போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது, பழைய குழிக்கரண்டி தொலைந்து, அதைவிடப் பெரிய கரண்டி ஒன்று எண்ணெய்த் தூக்குக்குள் வந்திருந்தது. நோட்டில் 13 என்று இருந்ததை அடித்துவிட்டு 18 என்று அம்மா திருத்தி எழுதினார்.